உறுதிமொழியிலிருந்து வெட்டப்பட்ட சொல் எங்கே?



ஆகஸ்டு மாதம் பிறந்தால் ஜொகூர் நீரிணையின் இரு கரையிலும் கொடி ஏறுகிறது. தென்கரையில் 9-ஆம் தேதி. வடகரையில் 31-ஆம் தேதி. கொடியோடு கூடவே ஒரு வாசகமும் எழுகிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று அதைச் சொல்கிறார்கள். அதிகாரிகள் சொல்கிறார்கள். மேடையில் மந்திரி முன்மொழிய, கீழே நிற்பவர்கள் பின்மொழிகிறார்கள். அதன் பிறகு யாரேனும் ஒரு பெரிய மனிதர் எழுந்து, தோட்டப்புறத்து மக்களுக்கு நாட்டு விசுவாசம் போதாது என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டுக் காரில் ஏறிப் போகிறார்.

அந்தப் பிரசங்கத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாம் அலுத்துவிட்டோம். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து இந்த நாட்டின் கஜானாவை நிரப்பியவன், தன் விசுவாசத்துக்குச் சான்றிதழ் காட்ட வேண்டுமாம்! ஆகவே இந்த முறை வேறொன்று செய்வோம். உறுதிமொழியையே கையில் எடுப்போம். கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகி வந்ததும் நம் கிராணிமார் ஒவ்வொரு ஷரத்தாக விரல் வைத்துப் படிப்பார்களே, அப்படிப் படிப்போம். யார் எழுதினார்? எப்போது எழுதினார்? எந்தச் சொல் வந்தது, எந்தச் சொல் போயிற்று? ஒப்பந்தத்தில் இருக்கும் சொல்லைவிட, பேச்சு மேசையில் இருந்துவிட்டுக் கடைசி நகலில் காணாமற்போன சொல் நமக்கு அதிகம் சொல்லும். சங்க வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும்.

தெற்கிலிருந்து தொடங்குவோம். காரணம் உண்டு. சிங்கப்பூர் உறுதிமொழியை எழுதியவர் நம் கித்தாக் காட்டின் வாசனை அறிந்தவர். எஸ். ராஜரத்தினம் 1915-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்தார். தகப்பனார் ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வை உத்தியோகம் பார்த்தவர். லயத்துப் பிள்ளை அல்லர். உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளை. அந்த இரண்டுக்கும் நடுவே அந்நாளில் எத்தனை உயரமான வேலி நின்றது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று வெட்டுக்காரரும் கிராணியாரும் ஒரே பத்திரிகையை மாற்றி மாற்றிப் படிக்கிறோம் என்றால், அது வேலியைப் பிடுங்கிய சங்கம் செய்த வேலை. ராஜரத்தினம் சட்டம் படிக்க லண்டனுக்குப் போனார், பத்திரிகைக்காரராகத் திரும்பினார், 1954-இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது அதன் முதல் வெளியுறவு மந்திரியானார்.

பிரிந்த நாட்டுக்கு ஓர் உறுதிமொழி வேண்டும் என்ற பேச்சு கல்வி இலாகாவில் எழுந்தது. அன்றைய கல்வி மந்திரி ஓங் பாங் பூன். பிலிப் லியாவ், ஜார்ஜ் தாம்சன் என்ற இரண்டு அதிகாரிகள் ஆளுக்கொரு வரைவு எழுதிக் கொடுத்தார்கள். மந்திரி அவற்றை ராஜரத்தினத்தின் பார்வைக்கு அனுப்பினார். ராஜரத்தினம் 1966 பிப்ரவரி 18-ஆம் தேதி தம்முடைய வாசகம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். பிறகு பிரதமர் லீ குவான் இயூ அதைச் செப்பனிட்டார். மந்திரி சபை ஏற்றது. 1966 ஆகஸ்டு 24-ஆம் தேதி 529 அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் ஏறத்தாழ 500,000 பிள்ளைகள் முதன்முதலாக அதைச் சொன்னார்கள். சரித்திரம் அவ்வளவுதான். ஆறு மாதத்தில் முடிந்த வேலை.

இனி வரைவையும் முடிந்த வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ராஜரத்தினத்தின் வரைவில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று: இனம், மொழி, மதம் என்ற வேற்றுமைகளை மறப்போம் என்றார். இன்னொன்று: நீதியும் சமத்துவமும் நிலைக்கும் ஜனநாயக சமுதாயத்தைக் கட்டி, அதில் "ஒருவருக்கொருவர் உதவி செய்து" மகிழ்ச்சியையும் முன்னேற்றத்தையும் தேடுவோம் என்றார். முடிந்த ஆங்கில வாசகத்தில் 'மறப்போம்' போய், இனம், மொழி, மதம் எதுவாக இருந்தாலும் என்ற சொல் வந்தது. அதை நாம் பாராட்டுகிறோம். எந்த மனிதனும் தன் தாய்மொழியை மறக்க வேண்டாம்; மொழியைப் பார்த்து ஒருவனுக்குக் கொடுப்பதைக் குறைக்காதே என்பதுதான் நியாயம். ஆனால் அதே கத்தி இன்னொரு இடத்திலும் விழுந்திருக்கிறது. "ஒருவருக்கொருவர் உதவி செய்து" என்பது அடியோடு போய்விட்டது. அந்த இடத்தில் "நம் நாட்டுக்கு" என்று வந்துவிட்டது. கூடவே வரைவில் இல்லாத 'வளம்' என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துகொண்டது.

எவர் கை வெட்டியது என்று நாம் கதை கட்டப் போவதில்லை. மரத்தைப் பார்த்தால் வெட்டு தெரிகிறது, அது போதும். பட்டையில் ஆழமாக விழுந்த வெட்டு பல வருஷம் கழித்தும் முண்டாகத் தெரியும் அல்லவா?

"சிறிய மாற்றம், இதற்கா இத்தனை பேச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய மாற்றம் அல்ல. வரைவில் மகிழ்ச்சி எப்படிக் கிடைக்கும் என்ற வழி இருந்தது. அடுத்தவனைத் தூக்கிவிட்டு நீயும் எழு என்றது. முடிந்த வாசகத்தில் வழி இல்லை, பலன் மட்டும் இருக்கிறது. அந்தப் பலனும் நாட்டின் பேரில் எழுதப்பட்டிருக்கிறது. நாடு வளம் அடைந்துவிட்டது, உறுதிமொழி நிறைவேறிவிட்டது என்று ஒரு முதலாளி சொன்னால், வாசகத்தைக் காட்டி அவனை மறுக்க முடியாது. பழைய வரைவாக இருந்தால் கேட்கலாம்: "ஐயா, யாருக்கு யார் உதவி செய்து வந்த வளம் இது?" கேள்வி கேட்கும் உரிமை அந்த இரண்டே சொல்லில் இருந்தது.

தோழர்களே, ஒருவருக்கொருவர் உதவி என்பது நமக்குப் புத்தகச் சொல் அல்ல. ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் படுத்தால் அவள் நிரையைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். லயத்தில் சாவு விழுந்தால் வீட்டுக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று திரண்டுவிடும். இதையே சந்தாவாகவும் ரசீதாகவும் எழுதி வைத்தால் அதற்குப் பெயர் தொழிற்சங்கம். ராஜரத்தினம் சிரம்பானில் கண்டதைத்தான் எழுதினார் என்று நாம் சொல்ல மாட்டோம். மனிதர் மனத்துக்குள் புகுந்து பார்க்க நமக்கு வித்தை தெரியாது. ஆனால் தோட்டத்தில் ஒரு நாள் வாழ்ந்தவனுக்கும் அந்தச் சொல்லின் அருமை புரியும்.

இவ்வளவு சொன்ன பிறகு மற்றொன்றையும் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். உறுதிமொழி பிறந்து இரண்டு வருஷத்தில், 1968-இல், சிங்கப்பூரில் தொழில் உறவுச் சட்டம் திருத்தப்பட்டது. புதிய வேலைச் சட்டமும் வந்தது. பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு, வேலை நீக்கம் இவையெல்லாம் நிர்வாகத்தின் தனி அதிகாரம், சங்கம் பேச்சு மேசைக்குக் கொண்டு வரக் கூடாது என்று ஆயிற்று. அப்போது தொழில் மந்திரி யார்? அதே ராஜரத்தினம்! அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம்: அந்த ஜனவரியில்தான் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப் போவதாக அறிவித்திருந்தது, ஆயிரக் கணக்கில் வேலை போகும் என்ற பயம் நாட்டைப் பிடித்திருந்தது, முதலாளிகளை வரவழைக்காமல் பிழைக்க முடியாது என்று அரசாங்கம் நினைத்தது. பயம் பொய்யல்ல. தளத்தில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர் பலர் பிரஜாவுரிமை இல்லாமல் மூட்டை கட்டி ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். இருந்தாலும் நாம் கேட்கிறோம்: நெருக்கடி வந்தபோது 'ஒருவருக்கொருவர்' என்பதில் ஒருவர் மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தார்? ஒருவனை வேலையைவிட்டு நிறுத்துவது பற்றி அவனுடைய சங்கம் வாய் திறக்கக் கூடாது என்றால், நீதி என்ற சொல் அந்த ஆபீசுக்கு வெளியே நிற்க வேண்டியதுதானா?

சொல்லை விழுங்குவது சிங்கப்பூர்க்காரர் கண்டுபிடித்த வித்தை அல்ல. எழுபது வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 1892-இல் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாதிரியார் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடி வணக்க உறுதிமொழி எழுதினார். மனிதர் சோஷலிஸ்ட். சமத்துவம், சகோதரத்துவம் என்ற சொற்களையும் சேர்க்க நினைத்தார். ஆனால் பெண்ணுக்கும் கறுப்பின மக்களுக்கும் சமத்துவம் என்றால் கல்வி அதிகாரிகள் ஒப்பமாட்டார்கள் என்று தெரிந்து விட்டுவிட்டார். சுதந்திரமும் நீதியும் தங்கின. சமத்துவம் வாசலிலேயே நின்றுவிட்டது. 1954-இல் 'கடவுளின் கீழ்' என்ற சொல்லைச் சேர்க்க அங்கே ஜனாதிபதியும் காங்கிரசும் முன்வந்தார்கள். சமத்துவத்தை உள்ளே அழைக்க எவரும் வரவில்லை. அந்த வகையில் சிங்கப்பூர் உறுதிமொழி மேல். சமத்துவம் அதில் இருக்கிறது. இருக்கிற சொல்லையாவது காப்பாற்றுகிறார்களா என்று பார்ப்போம்.

2009 ஆகஸ்டில் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினர் விஸ்வா சதாசிவன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். உறுதிமொழியின் கோட்பாடுகளைச் சபை மீண்டும் உறுதி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். லீ குவான் இயூ எழுந்தார். எல்லா இனத்தையும் இப்போதே சமமாக நடத்த முடியும் என்பது தவறான எண்ணம் என்றார். மலாய்க்காரரின் தனி நிலையைக் கவனிக்க வேண்டிய பொறுப்பை அரசியல் சாசனத்தின் 152-ஆவது விதி அரசாங்கத்துக்கு விதித்திருப்பதைச் சுட்டிக் காட்டினார். உறுதிமொழி ஓர் இலட்சியம், நடைமுறை அல்ல என்றார்.

பூர்வ குடிகளுக்குச் சாசனம் தந்த இடத்தைப் பற்றி நமக்கு வழக்கு இல்லை. பின்தங்கியவனைக் கைதூக்கி விடுவது சமத்துவத்துக்கு விரோதம் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. பின்தங்கியவர்களில் நாமும் ஒருவர். நம் வழக்கு 'இலட்சியம்' என்ற அந்த ஒரு சொல்லோடுதான். உறுதிமொழி, சமுதாயத்தைக் 'கட்டுவோம்' என்கிறது. கட்டுவது வேலை. வேலை என்றால் செக்ரோல் வேண்டும். இன்று எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நடந்தது, மிச்சம் எவ்வளவு என்று எழுத வேண்டும். வெட்டுக்காரன் ஸ்டோருக்கு வந்து, "ஐயா, பால் என்பது என் இலட்சியம்" என்று சொல்லிவிட்டு வெறும் வாளியை வைத்தால் அவனுக்குப் பெயர் போடுவார்களா?

இந்த இடத்தில் நம் தமிழ் வாசகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிராணிமார் தயவுசெய்து கண்ணாடியை மாட்டிக்கொள்ளவும்.

சிங்கப்பூர் உறுதிமொழியின் தமிழ் வாசகத்தில் மூன்று செய்தி இருக்கிறது. முதலாவது, ஆங்கிலத்தில் போய்விட்ட 'மறப்பது' தமிழில் இன்னும் இருக்கிறது. இனம், மொழி, மதம் ஆகிய 'வேற்றுமைகளை மறந்து' ஒன்றுபடச் சொல்கிறது நம் வாசகம். மலாய் வாசகமோ 'தீடா கீரா' என்கிறது. இன்ன இனம், இன்ன மொழி என்று கணக்குப் பார்க்காமல் என்று அர்த்தம். கணக்குப் பார்க்காமல் இருக்க வேண்டியவன் யார்? வேலை கொடுப்பவன், வீடு ஒதுக்குபவன், அதிகாரம் உள்ளவன். மறக்க வேண்டியவன் யார்? எல்லாரும்தான், ஆனால் உலக வழக்கத்தில் மறக்கச் சொல்லிக் கேட்கப்படுகிறவன் எளியவனே. ஒரே உறுதிமொழி மலாயில் சொன்னால் மேலே இருப்பவனைக் கட்டுகிறது, தமிழில் சொன்னால் கீழே இருப்பவனுக்குப் புத்தி சொல்கிறது!

இரண்டாவது, வாசகம் முடிகிற விதம். ஆங்கிலமும் மலாயும் 'உறுதி கூறுகிறோம்' என்று சொல்லிவிடுகின்றன. தமிழ் 'உறுதி மேற்கொள்வோமாக' என்று முடிகிறது. கேட்க இனிமைதான். கோயிலில் சொல்லலாம். "சம்பளம் உயர்த்துவோமாக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு நிர்வாகி நீட்டினால், நம் கிளைச் செயலாளர் அதை வாங்கிப் பெட்டியில் பூட்டுவாரா? "துரை, 'உயர்த்துகிறோம்' என்று போடுங்கள், தேதியும் போடுங்கள்" என்பார். இலட்சியம்தான், நடைமுறை அல்ல என்று 2009-இல் சொன்னார்களே, தமிழ் இலக்கணம் அதை முன்பே ஒப்புக்கொடுத்துவிட்டது!

மூன்றாவதுதான் நமக்குப் பெருமை. தமிழ் வாசகம் 'நாம்' என்று தொடங்குகிறது. மலாய் 'காமி' என்கிறது. தோட்டத்தில் மலாய் பேசிப் பழகிய யாருக்கும் தெரியும், காமி என்றால் கேட்பவனைச் சேர்க்காத 'நாங்கள்'. கேட்பவனையும் சேர்க்க வேண்டுமானால் 'கிதா' என்பார்கள். (நம் கித்தா மரம் அல்ல, இது வேறு கிதா.) மலாய்க்காரர் மேல் குறையில்லை. சபை முன் சத்தியம் செய்கிறவர்கள் காமி என்று சொல்வதே அம்மொழியின் முறை. தமிழும் 'நாங்கள்' என்று போட்டிருக்கலாம், போடவில்லை. சொல்பவனையும் கேட்பவனையும் ஒரே நிரையில் நிறுத்துகிற 'நாம்' வந்திருக்கிறது. வரைவில் வெட்டப்பட்ட 'ஒருவருக்கொருவர்' நம் மொழியின் அந்த ஓர் எழுத்து இரண்டு எழுத்தில் ஒளிந்து பிழைத்திருக்கிறது என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு சின்னச் செய்தி. தொடக்கத்தில் வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னார்கள். 1988 முதல் வலக்கை முட்டியை மடக்கி நெஞ்சில் வைத்துச் சொல்கிறார்கள். மடக்கிய முட்டி எந்த இயக்கத்தின் அடையாளம் என்று நாம் யாருக்கும் பாடம் நடத்தவில்லை.

சரி, தெற்கைப் பற்றி இத்தனை பேசிவிட்டு நம் சொந்த முற்றத்தைக் கூட்டாமல் விடலாமா? மலேசியாவுக்கு வருவோம்.

1969 மே 13 கலவரத்தில் அரசாங்கக் கணக்குப்படியே 196 உயிர் போயிற்று. நாடாளுமன்றம் நிறுத்தப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. 1970-இல் தேசிய ஆலோசனை மன்றம் கூடியது. அந்தப் புண்ணுக்கு மருந்தாக 1970 ஆகஸ்டு 31-ஆம் தேதி ருக்குன் நெகாரா பிரகடனம் ஆயிற்று. இறை நம்பிக்கை, அரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியல் சாசனத்தின் மேன்மை, சட்ட ஆட்சி, நன்னடத்தையும் ஒழுக்கமும் என்ற ஐந்து கோட்பாடு. இந்த ஐந்தும் நம் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

ஆனால் ஐந்துக்கு முன்னால் ஒரு முன்னுரை இருக்கிறது. அதிலும் ஐந்து இருக்கிறது; ஐந்து நோக்கம். ஒற்றுமையை இறுக்கமாக்குவது, ஜனநாயக வாழ்க்கையைக் காப்பது, நாட்டின் செல்வத்தை எல்லாரும் நியாயமாகவும் சமமாகவும் சேர்ந்து அனுபவிக்கும் நீதியான சமுதாயத்தைப் படைப்பது, பலவகைப் பண்பாடுகளிடம் தாராள மனத்தோடு நடப்பது, விஞ்ஞானத்தைப் பயன்படுத்தும் முற்போக்குச் சமுதாயத்தைக் கட்டுவது. அதன் பிறகுதான், "ஆகவே மலேசிய மக்களாகிய நாங்கள் எங்கள் முழுச் சக்தியையும் முயற்சியையும் செலுத்தி இவற்றை அடைய உறுதி கூறுகிறோம்" என்று வருகிறது. எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்: 'தெனாகா'. உடல் சக்தி, உழைப்பு. நாம் அன்றாடம் விற்பது வேறென்ன?

இது ஒப்பந்தம் இல்லாமல் வேறு என்ன? ஒரு பக்கம் செல்வத்தில் நியாயமான பங்கு. மறு பக்கம் முழு உழைப்பு. இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எத்தனையோ விழா மேடைகளில் நாம் கேட்பது என்ன? முன்னுரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நேராகக் கோட்பாட்டில் தொடங்கிவிடுகிறார்கள். விசுவாசம் வருகிறது, சட்டம் வருகிறது, ஒழுக்கம் வருகிறது. பங்கு மட்டும் வருவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை முழுவதையும் சொல்கிறது. பெரியவர்களுக்குத்தான் நேரம் இல்லை.

அந்தப் பங்கு எங்கள் வாசலுக்கு எப்போது வந்தது என்று கணக்குப் பாருங்கள். ருக்குன் நெகாரா 1970-இல். எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் சட்டப்படி நடப்புக்கு வந்தது 2013 ஜனவரியில். தீபகற்பத்தில் 900 வெள்ளி. சபா, சரவாக்கில் 800 வெள்ளி. இடையில் 43 வருஷம்! மழை பெய்தால் மரமில்லை, மரமில்லை என்றால் கூலியில்லை, விலை விழுந்தால் கூலியும் விழும் என்ற நிலையில் மாதச் சம்பளம் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை லயத்திலேயே கிழடு தட்டிவிட்டது. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளி ஆயிற்று. வரவேற்கிறோம். ஆனால் எவரும் நமக்குத் தானமாகத் தந்ததல்ல. தாளில் எழுதிய கடன்.

விசுவாசம் போதாது என்பவர்களுக்கு 1969-ஐ இன்னொரு முறை நினைவூட்டுகிறோம். பிரஜைகள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968-இல் சட்டம் செய்து, மறு வருஷம் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம் ஆட்களுக்கு அது இடி. பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யத் தெரியாதவர், மலாய்ப் பேச்சுச் சோதனைக்குப் பயந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லாதவர் என்று எத்தனை பேர்! ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். பலர் இங்கே மரம் நட்டு, அந்த மரம் பால் கொடுத்து, பட்டை தேய்ந்து, மறுநடவும் பார்த்தவர்கள். அவர்களிடம் எவரும் விசுவாசத்தைக் கேட்கவில்லை, சீட்டைத்தான் கேட்டார்கள். சாசனத்தின் முதல் அட்டவணையில் பிரஜாவுரிமை பெறுவோருக்கான பிரமாணம் இருக்கிறது: மற்ற எல்லா நாட்டு விசுவாசத்தையும் துறந்து, மாமன்னருக்கு உண்மையாக இருப்பேன் என்று. அந்தப் பிரமாணத்தைச் செய்ய ஆயத்தமாக நின்றவனையும் வரிசையில் பின்னால் தள்ளிய பிறகு, நம்மைப் பார்த்து விசுவாசப் பிரசங்கம் செய்ய வருகிறவருக்கு உண்மையிலேயே தைரியம் அதிகம்.

இன்னும் ஒன்று. சமத்துவம் என்ற சொல்லை நமக்கு 1966-உம் கற்றுத் தரவில்லை, 1970-உம் கற்றுத் தரவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தாக்கள் வேலை நிறுத்தம் செய்தார்களே, அவர்கள் கோரிக்கைத் தாளை எடுத்துப் படியுங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடு. தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர் போயிற்று. சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைக் கடந்து போவது! சமத்துவத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த உறுதிமொழியில் எழுதியிருக்கிறார்கள்?

அந்தத் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதை மற்றவர்களிடம் கேட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. 'சிங்கப்பூர்க் குடிமக்களாகிய நாம்', 'மலேசிய மக்களாகிய நாங்கள்' என்ற இரண்டு வாசகத்திலும் இடமில்லாத ஒருவர் இன்று நம் பக்கத்து நிரையில் நிற்கிறார். இந்தோனேசியாவிலிருந்து வந்தவர், வங்காளதேசத்திலிருந்து வந்தவர். தெற்கே போனால் கட்டட வேலையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளே நிற்கிறார்கள். 2020-இல் கொரோனா பரவியபோது தங்கும் விடுதிக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களில் அவர்களும் உண்டு. நம் பாட்டன் கையில் இருந்த சீட்டுத்தான் இன்று அவர்கள் கையில் இருக்கிறது. சீட்டின் நிறம்தான் வேறு. "அவன் வந்ததால் கூலி இறங்குகிறது" என்று லயத்துத் திண்ணையில் பேசுகிறவர்களை நாமும் கேட்டிருக்கிறோம். கூலியை இறக்குகிறவன் அவனா, அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொள்கிறவனா? அவனைச் சங்கத்தில் சேர்க்காமல் விட்டால், நம்மிடம் வெட்டப்பட்ட 'ஒருவருக்கொருவர்' என்ற சொல்லை இரண்டாம் முறை வெட்டுகிறவர்கள் நாமாகவே இருப்போம்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. சிங்கப்பூர்த் தோழர்கள் தங்கள் வாசகத்தைத் திருத்தக் கோருவதும் கோராததும் அவர்கள் உரிமை; ஆனால் தமிழில் சொல்லும்போது 'மேற்கொள்வோமாக' என்ற இடத்தில் 'மேற்கொள்கிறோம்' என்று ஏன் இருக்கக் கூடாது என்று பள்ளிகளில் ஒரு பேச்சாவது எழட்டும். ராஜரத்தினம் எழுதிய முதல் வரைவைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டட்டும்.

வடகரையில் நம் வேலை இன்னும் எளிது. வரும் ஆகஸ்டு 31-இல் தோட்டத்தில் கொடி ஏறும்போது, ருக்குன் நெகாராவை வாசிப்பவர் யாராக இருந்தாலும், முன்னுரையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கிளைத் தலைவர் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு வைக்கட்டும்; கடிதத்தின் நகல் சங்க ஆபீசில் இருக்கட்டும். நேரமில்லை என்று நிர்வாகம் சொன்னால், அன்றைய நிகழ்ச்சி நிரலில் மற்றவர்கள் பேசப் போகும் நேரம் எவ்வளவு என்று கிராணியைக் கேளுங்கள். முன்னுரை முழுவதையும் வாசிக்க ஒரு நிமிடம் போதும்.